டி டிரைவுக்குப் பக்கத்தில் ஒரு புறம்போக்கு

அப்பாவுக்குக் காலி இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பாபநாசத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கால் வைக்க இடமில்லாமல் வெண்டையும் கீரையும் போட்டிருக்கிறார். மோட்டார் கொட்டகையின் தலையில்கூட அவரைக்கொடி. அப்படிப்பட்டவர் மாடி அறையை மட்டும், எனக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் வாடகைக்கு விடவில்லை. கேட்டு வந்தவர்களிடம் மழைக்கு ஒழுகும் என்று கூசாமல் பொய் சொன்னார். கல்யாணம் கசந்து திரும்பி வந்தபோது அங்கேதான் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்தேன்.

போன ஆடியில் வேலை மாறினேன். பழைய கம்பெனி லேப்டாப்பை வாங்கியபோது இருந்த நிலைக்கு மாற்றி, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னது. அனுப்பினால்தான் விடுவிப்புக் கடிதம். அது இல்லாமல் திங்கட்கிழமை புது வேலையில் சேர முடியாது. புருஷனும் இல்லை, வேலையும் இல்லை என்று தெருவில் பேச்சு வாங்க எனக்குத் தெம்பில்லை.

ரீசெட் கொடுத்தேன். அதற்கான மீட்புப் பகுதியே டிஸ்கில் இல்லை என்றது லேப்டாப்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "அதுவா? நாந்தான் எடுத்தேன்."

ஹார்ட் டிஸ்கைப் பட்டை பட்டையாகக் காட்டும் படம் ஒன்று உண்டு. அதைப் பார்த்ததும் அவருக்குப் பழைய புலப்படம் ஞாபகம் வந்திருக்கிறது. "சி டிரைவுக்குப் பட்டா இருக்கு, டி டிரைவுக்கு இருக்கு. ஓரமா ஒரு துண்டுக்கு மட்டும் பேரும் இல்ல, சாகுபடியும் இல்ல. சும்மாதானே கெடக்குன்னு டி-யோட சேத்துட்டேன்." அதற்கென்று ஒரு இலவச மென்பொருளை வேறு இறக்கியிருக்கிறார். காலமெல்லாம் ஆக்கிரமிப்பை அளந்து எடுத்த மனுஷன், மகளின் லேப்டாப்பில் வரப்பை வெட்டியிருக்கிறார்.

"அது என்ன உங்க கொல்லையாப்பா?" என்று கத்தினேன்.

"ஏன் கத்துற? திரும்ப அளந்து கல்லு நட்டுட்டா போச்சு" என்றார், உதவி செய்கிற குரலில்.

பழைய கம்பெனியின் தொழில்நுட்பக்காரரைப் போனில் பிடித்தேன். "அந்த எடத்துல புதுசா ஏதாவது போட்டீங்களா மேடம்? போடலன்னா பழைய எல்லைய தேடி எடுத்துடலாம். மேல எழுதிட்டா அவ்வளவுதான்."

இடம் கிடைத்தும் அப்பா ஒன்றும் போடாமல் இருப்பாரா?

"அதுல என்னத்தப்பா போட்டீங்க?"

"ஒண்ணும் போடல."

"நெசமா சொல்லுங்க."

"தேர் வீடியோவெல்லாம் போடலாம்னுதான் இருந்தேன். ஆடி மாசத்துல புது எடத்துல யாராவது குடி வெப்பாங்களா? ஆவணி பொறக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஆடி ஆகாது என்பவர்களை நான் செய்யாத கிண்டல் இல்லை. அன்றைக்கு மனசார ஒரு கும்பிடு போட்டேன்.

தொழில்நுட்பக்காரர் சொன்ன மென்பொருள் டிஸ்கைத் துழாவத் தொடங்கியது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் கெழக்கால பாரு" என்று திரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டி பழைய எல்லை அகப்பட்டது. அழிந்த துண்டு மீண்டு வந்தது. ரீசெட் ஆனது. லேப்டாப் கூரியரில் போய், கடிதமும் வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை மாடி அறையில் புது லேப்டாப்பைத் திறந்தேன். அப்பா பின்னால் வந்து நின்றார்.

"இதுலயும் அந்தத் துண்டு இருக்கா?"

"இருக்கு. தொடாதீங்க."

"சும்மா கெடக்குற எடம், எதுக்குத்தான் அது?"

"எல்லாம் கெட்டுப்போச்சுன்னா திரும்பி வர்றதுக்குப்பா. அதுக்குன்னு யாரும் தொடாம வெச்சிருக்கணும்."

சொல்லி முடித்ததும் எந்த மழைக்கும் ஒழுகாத அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தேன். அப்பா அதைக் கவனிக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்திருந்தது.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா?" என்றார்.