என் ரத்தத்தின் மீது விழுந்த பழி

என்னைப் பற்றி யார் என்ன பழி சொன்னாலும் சிரித்துக்கொள்வேன்; பாதியாவது உண்மையாக இருக்கும். ஆனால் என் ரத்தத்தைப் பழித்தபோது பொறுக்கவில்லை.

தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் நான் ஆய்வு மாணவன். நாற்பதை நெருங்கும் மாணவன். புழுக்களைக் கொல்லும் ஒரு வைரஸின் முதுகில் மரபணுவை ஏற்றி மனித செல்லுக்குள் அனுப்புவது என் வேலை. போய்ச் சேர்ந்தால் செல் பச்சையாக ஒளிரும். "பூச்சி வைரஸை நம்ம உடம்பு பார்த்ததே இல்ல, எதிர்க்காது" என்பது என் பேராசிரியரின் வேதவாக்கு.

செல்களுக்கு உணவாக, கன்றுக்குட்டி ரத்தத்தில் தெளிந்த சீரத்தை ஊற்றுவோம். அதற்குமுன் அதை ஐம்பத்தாறு டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வைப்பது எங்கள் ஆய்வகச் சடங்கு. ஏன் என்று மூன்று வருடம் நானும் கேட்கவில்லை, மண்டு. பிறகுதான் படித்தேன்: ரத்தத்தில் ரோந்து சுற்றும் காவல் புரதங்கள் அந்தச் சூட்டில் செயலிழந்துவிடும். முன்பின் பார்க்காத கிருமியையும் அடித்து நொறுக்கக்கூடியவை அவை. துறைமுக வாசல் காவலருக்கு லீவு கொடுத்துவிட்டு, லாரி உள்ளே போய்விட்டது என்று கைதட்டியிருக்கிறோம்!

என் ரத்தத்திலேயே பார்த்துவிடுவோம் என்று கையை நீட்டினேன். ஊசியோடு வந்த ஆய்வக அக்கா, "இன்னும் குத்தவே இல்ல தம்பி, அதுக்குள்ள ஏன் கத்துதீங்க?" என்றார்.

என் சீரத்தில் பாதியைச் சூடாக்கினேன், பாதியை அப்படியே விட்டேன். இரண்டிலும் வைரஸைக் கலந்து செல்கள் மேல் ஊற்றினேன். இரண்டு நாள் கழித்து, சூடாக்கிய பாதியில் செல்கள் பச்சைப்பசேல். மற்றதில் ஒரே இருட்டு.

"ஏல, இத ஆய்வேட்டுல போடாத" என்றார் பேராசிரியர். "உன் ரத்தத்துல கோளாறு. தினம் புரோட்டா தின்னா இப்படித்தான்."

"ரெண்டு பாதியும் என் ரத்தந்தான சார்?"

"வாயடிக்காத. பட்டம் வேணுமா, வேண்டாமா?"

வேண்டும்தான். அதற்காக, நாளை ஒரு நோயாளியின் நரம்பில் இதை ஏற்றும்போது அவரே தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவதா? நான் சோம்பேறி, ஊசிக்குப் பயந்தவன். என் ரத்தம் மட்டும்தான் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறது. அதற்குப் பெயர் கோளாறா?

"அப்ப உங்க ரத்தத்துல பார்ப்போம் சார். நீங்கதான் புரோட்டாவத் தொடமாட்டீங்களே."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊசியோடு வந்து நின்றார். வேறு வழியில்லாமல் சார் சட்டைக்கையை மடித்தார்.

இரண்டு நாள் கழித்து நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆனது. சூடாக்காத பாதியில் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை.

"எல்லாப் படத்தையும் போடு" என்றார். "யார் ரத்தம்னு மட்டும் எழுதிராத."

எழுதவில்லை. 'புரோட்டா தின்பவர் ஒருவர், தின்னாதவர் ஒருவர்' என்று மட்டும் எழுதினேன். அந்த ஒரு வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.