மறைப்போர் சங்கம்

அச்சகத்தில் அவருக்குச் சந்திப்பிழையார் என்று பெயர். முப்பது வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவர். ஓர் ஒற்று விடுபட்டிருந்தால் போதும், எழுதியவனின் பரம்பரையையே சந்தேகிப்பார். "க் எங்கப்பா? விழுங்கிட்டியா?" என்று சிவப்புப் பேனாவோடு அவர் எழுந்து வந்தால், தட்டச்சு செய்பவர்கள் ஒவ்வொருவராகக் கழிவறைப் பக்கம் நழுவிவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவரின் கண்ணெதிரே ஒரு மரண அறிவிப்பு, 'அமைதியாக மறைந்தார்' என்பதற்குப் பதிலாக 'அமைதியாக மறந்தார்' என்று ஐந்நூறு பிரதி ஓடிவிட்டது. இறந்தவரின் மகன் அறிவிப்புக் கட்டைத் தூக்கிவந்து மேசைமேல் போட்டு, "எங்கப்பா எதை மறந்தாருன்னு கொஞ்சம் சொல்றீங்களா?" என்று கேட்டார். சந்திப்பிழையார் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கிராம்பு வாசனையையும் மீறி இன்னொன்று வரும்.

முதலாளிக்கு மூக்கு இருந்தது. "சார், குடியை விடுற கூட்டம் எங்கயாவது நடக்கும். நாலு வாரம் போங்க. அவங்ககிட்ட கடுதாசி வாங்கிட்டு வந்தா வேலை. இல்லன்னா வீட்டோட இருங்க."

கூட்டத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, சலவைக்கடை மாடியில் ஒரு பலகை இரண்டு வருடமாகத் தொங்குகிறது: 'குடியை மறைப்போர் சங்கம். சனிக்கிழமை மாலை நான்கு மணி.' மறப்போர் என்று எழுதப்போய், எந்தப் புண்ணியவானோ ஓர் ஐகாரக் கொம்பைக் கூடுதலாகச் செருகியிருந்தான். பேருந்துக்குக் காத்திருக்கும்போதெல்லாம் அதைப் படித்துச் சிரிப்பது அவருடைய இலவசப் பொழுதுபோக்கு. தன் அறிவிப்பில் காணாமல்போன கொம்புதான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறதோ என்று இப்போது தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

முதல் சனிக்கிழமை, இருமல் மருந்துப் பாட்டிலிலிருந்து இரண்டு மடக்கு இறக்கிவிட்டுத்தான் படியேறினார். அந்தப் பாட்டிலில் இருமல் மருந்து இருந்து பல வருடம் ஆகிறது. "இருமலே வராத மனுஷனுக்கு எதுக்கு இத்தனை மருந்து?" என்று மனைவி ஒருமுறை கேட்டிருக்கிறாள். "முன்னெச்சரிக்கை" என்றார். அந்தச் சொல்லில் எத்தனை ஒற்று என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார், மகாபண்டிதர்.

மேலே எட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆறிப்போன தேநீர், கீழிருந்து ஏறி வரும் ஈரத்துணி வாடை. கூட்டத்தை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர். "உள்ள வாங்க, உள்ள வாங்க, எடம் இருக்கு" என்று இன்னும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். முடிதிருத்துபவர் ஒருவர் பதினோரு மாதமாகக் குடிக்கவில்லை என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். இதென்ன சர்க்கஸா என்று சந்திப்பிழையார் உதட்டைப் பிதுக்கினார். நர்ஸ் ஒருத்தி அழுதுகொண்டே தன் கதையைச் சொன்னாள். அவள் பேச்சில் ஒருமையும் பன்மையும் ஏழு இடத்தில் முட்டிக்கொண்டதை இவர் விரல்விட்டு எண்ணினார்.

அவர் முறை வந்தது. "குடித்துவந்தேன். இறந்தகாலம்."

"இன்னிக்கு?" என்றார் நடத்துனர்.

"உங்க பலகையில பிழை இருக்கு. முதல்ல அதைத் திருத்துங்க."

யாருக்கும் கோபம் வரவில்லை. முடிதிருத்துபவர் மட்டும் மூக்கை உறிஞ்சி, "கிராம்பா சார்? நான் அப்பல்லாம் ஏலக்காய் போடுவேன்" என்றார். அறையே சிரித்தது. இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மூன்று வாரமும் இதே கதைதான். கீழே இரண்டு மடக்கு, ஒரு கிராம்பு, மேலே வந்து இலக்கணம். நான்காவது வாரம் நடத்துனர் கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்தார். "எனக்கு எழுத்து அவ்வளவா வராது சார். தப்பு இருந்தா நீங்களே திருத்திக்குங்க."

ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசையில் பிரித்தார். 'இவர் குடியை மறைப்பவராக கூட்டத்துக்கு நான்கு வாரமும் தவறாமல் வந்தார்.'

"தற்குறி!" என்றார் வாய்விட்டு. மறுபடியும் அதே கொம்பு! சிவப்புப் பேனாவால் ஒரே வெட்டு. மறப்பவராக. வேலை பிழைத்தது.

திருத்திய வரியை வாய்க்குள் ஒருமுறை படித்துப் பார்ப்பது அவர் தொழில் பழக்கம். படித்தார். பக்கத்தில் மருந்துப் பாட்டில் இருந்தது. டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே இறக்கிவிட்ட மனிதர், நான்கு வாரம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கா தெரியாது? கடிதத்தில் அந்த இடத்தில் பிழையே இல்லை, தன் திருத்தம்தான் பிழை என்று புரிந்தபோது சந்திப்பிழையாருக்குக் காது மடல்வரை சுட்டது. பிறர் எழுத்தைக் கிழித்துக் காயப்போட்டே வயிறு வளர்த்தவருக்கு இப்படி ஓர் அவமானம் வாய்த்ததில்லை.

மெய்ப்பில் தவறாக வெட்டிய எழுத்தை மீட்க வழி உண்டு. அடியில் புள்ளிகள் வைத்து, ஓரத்தில் 'அப்படியே இருக்கட்டும்' என்று எழுத வேண்டும். முப்பது வருடத்தில் அவர் அதை எழுதியதே இல்லை. வெட்டினால் வெட்டியதுதான் என்ற திமிர். நாளைக்கு முதலாளி இதைப் படிப்பார். வேலை போனாலும் போகும். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொரு புள்ளியாக வைத்தார். ஓரத்தில் எழுதினார். பாட்டிலை மனைவி நிற்கும் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

அவள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"அப்புறம் ஏன் இன்னும் பேனாவை மூடல?"

"ஒரு க் விட்டுப்போச்சு" என்று மறைப்பவராக என்பதற்குப் பக்கத்தில் அதைச் செருகினார். "மத்தபடி சரியாத்தான் எழுதியிருக்கார்."