ஒரு குறையும் இல்லாத எஸ்டேட்

இன்டர்நெட்டில் எஸ்டேட் புகார்ப் பக்கம் திறந்த முதல் வாரத்தில் வந்த புகார்களை என் முதலாளி ஆல்பர்ட் சார் சத்தமாகப் படித்தார். “இங்கே ஒரு குறையும் இல்லை.” அடுத்தது, “எல்லாரும் சுகம்.” அதற்கடுத்தது, “தண்ணீர், வெளிச்சம் எல்லாம் உண்டு.”

“எடா செல்வா, இது கம்ப்ளைண்ட் பேஜா, கல்யாண வாழ்த்தா? உன் கீபோர்டுல என்னவோ குழப்பம் இருக்கு. போய் சரியாக்கு.”

எந்தக் கீபோர்டும் தானாக ‘ஒரு குறையும் இல்லை’ என்று அடிக்காது. ஆனால் அந்த ஆபீசில் எது கெட்டாலும் கடைசியாகத் தொட்டவன் தலையில்தான் விழும்.

1. ஐந்து நிமிட வேலை

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். விழிஞ்ஞத்தில் ஐஸ் உடைத்தேன், சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்கினேன், ஒரு இன்டர்நெட் கஃபேயில் மவுஸ் உருண்டைகளைத் துடைத்தேன். கஃபேயில் ஆள் இல்லாதபோது மற்றவர்களுடைய வெப் பக்கங்களின் சோர்ஸைத் திறந்து பார்த்து எச்.டி.எம்.எல். பழகினேன். ஆல்பர்ட் சார் தம்பானூரில் வெப் பக்கங்கள் செய்துகொடுக்கும் தன் ஆபீசில் என்னைச் சேர்த்துக்கொண்டார். பாறசாலைக்காரர். வீட்டில் தமிழ், கோபம் வந்தால் மலையாளம்.

வித்துராவுக்கு மேலே இருந்த ஒரு எஸ்டேட்டின் தமிழ்த் தொழிலாளர்கள் பெயர் சொல்லாமல் புகார் எழுத ஒரு பக்கம் வேண்டும் என்று நல அமைப்பு ஒன்று கேட்டது. வித்துரா கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டரும் வைத்தார்கள். அதில் இங்கிலீஷ் கீபோர்டுதான். தமிழ் எழுத்துகளைத் திரையிலேயே விரித்து, மவுஸால் கிளிக் செய்ய வைக்க வேண்டும்.

ஓப்பன் சோர்ஸில் அப்படியொரு திரைக் கீபோர்டு இலவசமாகக் கிடைத்தது. ஒரு ஸ்கிரிப்ட் ஃபைல், ஒரு ஸ்டைல் ஃபைல். இரண்டையும் பக்கத்தில் இணைத்து, டெக்ஸ்ட் பாக்ஸுக்கு ஒரு கிளாஸ் பெயர் கொடுத்தால் போதும். ஐந்து நிமிட வேலை என்று குறிப்பில் எழுதியிருந்தது. எழுதியவர் கையில் கிடைத்திருந்தால் தம்பானூர் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்துக் கேட்டிருப்பேன். அதில் அரபி இருந்தது, ரஷ்யன் இருந்தது, தமிழ் இல்லை. லேஅவுட்டை நானே எழுத்தெழுத்தாகச் சேர்த்தேன். கடைசியில் ஒரு கமா கூடிப்போனதால் ஃபயர்ஃபாக்ஸில் வந்தது எக்ஸ்ப்ளோரரில் வரவில்லை. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால், விரிந்த கீபோர்டு கீழே இருந்த ‘அனுப்பு’ பட்டனை மூடிக்கொண்டது.

2. வலுதாக்கணும்

அதையும் நகர்த்தி முடித்த பிறகு, மலையாளம் கலந்து பேசும் அந்த நல அமைப்பின் மேடம் பார்க்க வந்தார்.

“ஐயோ, இது தீரெச் சின்னது. வயசானவங்களுக்குக் கண்ணு காணாது. வலுதாக்கணும்.”

வலுதாக்கினேன், அதாவது எழுத்துகளைப் பெரிதாக்கினேன்.

“எந்த எழுத்தை அமுக்கினோம்னு தெரியண்டே?”

அமுக்கிய எழுத்து மஞ்சளாக மின்னும்படி செய்தேன். அடித்த வரி மேலே கொட்டை எழுத்தில் ஓட வேண்டும் என்றார். ஓடவிட்டேன்.

“மேடம், இதுக்கு மேல பெருசாக்கினா ஸ்கிரீன் போதாது.”

“அப்போ ஸ்கிரீனை வலுதாக்கலாம்,” என்று பெரிய மானிட்டர் ஒன்றை வாங்கி வித்துராவுக்கு அனுப்பிவிட்டார். ஆல்பர்ட் சார் என்னைத் தனியே கூப்பிட்டு, “கஸ்டமர் சொல்றதைச் செய். உனக்கு எதுக்கு அபிப்பிராயம்?” என்றார்.

3. வித்துரா மாடி

வாழ்த்துச் செய்திகள் வந்த மறுநாள் நான் பஸ் ஏறிப் போனேன். மாடி அறையில் கம்ப்யூட்டர் சுவரோரம் இருந்தது. திரை அறையைப் பார்த்திருந்தது. எதிரே பெஞ்சில் காத்திருப்பவர்கள். கொழுந்து பறிக்கும் மரியம்மா என்ற அக்கா மவுஸைப் பிடித்து மெதுவாக அடித்துக்கொண்டிருந்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக மஞ்சளில் மின்ன, பெஞ்சு மொத்தமும் கூடவே படித்தது.

“எங்க... லயத்துல... தண்ணி...”

“அடுத்த எழுத்து மேல் வரிசையில இருக்கு பாரு அக்கா!” என்று ஒருவர் உதவினார்.

பெஞ்சின் ஓரத்தில் இருந்தவர் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் வந்தார். அவர் சேகர், எஸ்டேட் சூப்பர்வைசரின் மச்சான். “தண்ணிக்கு என்ன அக்கா? எழுது, எழுது. நானும் பாக்கட்டும்.”

மரியம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ‘நல்லா வருது’ என்று முடித்து அனுப்பிவிட்டு எழுந்தார்.

நான் படியிறங்கிப் பின்னாலேயே போய், பக்கத்தை அமைத்தவன் நான்தான் என்று சொன்னேன்.

“நீதானா அது? எங்க லயத்து வீடுகளுக்கு வர வேண்டிய தண்ணி சூப்பர்வைசரு வீட்டு வாழைக்குப் போவுது. அதை அவன் மச்சான் முன்னால எழுதினா நாளைக்கே என்னை மேட்டுக்காட்டுல போடுவாங்க. இந்த முட்டியை வச்சுகிட்டு எப்படி ஏறுவேன்? எழுதலாம்னுதான் வந்தேன். நீ கோயில் கொடைத் திருவிழா மாதிரி லைட்டு போட்டு வச்சிருக்கே.”

“பெரிய எழுத்தா இருந்தா உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க அக்கா.”

“எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. அவனுக்கும் தெரியுதே!”

எனக்கு மேடம் மேலும் கோபம், என் மேலும் கோபம். மேலே போய் மேஜையை இழுத்துத் திருப்பினேன். இப்போது எழுதுகிறவர் சுவரில் முதுகு சாய உட்கார வேண்டும். பெஞ்சுக்குத் தெரிவது மானிட்டரின் முதுகுதான்.

“மேடம் பர்மிஷன் உண்டா?” என்றார் அங்கிருந்த ஆபரேட்டர்.

“வயர் எட்டல. அதான்.”

நான் கீழே போய்க் கூப்பிட்டதும் மரியம்மா மறுபடி வந்து உட்கார்ந்தார். சேகரும் எழுந்தார்.

“அண்ணே, அந்தப் பக்கம் வராதீங்க. வயர் கிடக்கு, ஷாக் அடிக்கும்,” என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். மரியம்மா வெகுநேரம் அடித்தார். அன்று மாலை ஆபீசுக்கு வந்து எழுத்துகளைச் சிறிதாக்கினேன், மஞ்சளையும் எடுத்தேன்.

4. பழையபடி

அதன்பிறகு வந்தவை வாழ்த்துகள் அல்ல. தண்ணீர், ஒழுகும் கூரை, கதவில்லாத கக்கூஸ்.

“என்னடா செஞ்சே?” என்றார் ஆல்பர்ட் சார். “எஸ்டேட்காரங்க மேடத்தை விளிச்சு சண்டையாம். அவங்க என்னை விளிச்சு சண்டை. பழைய பெரிய எழுத்தே மதி, அதுவே போதும்னு சொல்றாங்க. இப்பவே மாத்து.”

ஸ்டைல் ஃபைலில் ஒரு எண்ணை மாற்றினேன். மஞ்சளும் திரும்பி வந்தது. மேடத்துக்குத் திருப்தி. புகார்கள் மட்டும் நிற்கவில்லை. ஆல்பர்ட் சார் ஸ்கிரிப்டைத் திறந்து வரி வரியாகத் தேடினார். மேஜையைத் திருப்பியதை நான் சொல்லவில்லை. அவர் வித்துராவுக்குப் போனதும் இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கோடிங்கைத் தொடும் முன்னால், அதைப் பயன்படுத்தப் போகிறவரின் நாற்காலியில் போய் உட்காருங்கள். உட்கார்ந்து, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பாருங்கள்.

சில வாரம் கழித்து ஒரு புகாரை ஆல்பர்ட் சார் இரண்டு தடவை படித்தார்.

“தண்ணி இப்ப ஒருநாள் விட்டு ஒருநாள் வருது. மத்த நாளும் வேணும்.”

“இது என்னடா, நன்றியா, கம்ப்ளைண்டா?” என்றார்.

“கம்ப்ளைண்டுதான் சார்,” என்றேன்.