எடுக்கக் கூடாத அழைப்பு

ஜஹீராவின் செல்போன் ஒரு நாளைக்கு அறுபது தடவை அடிக்கும். அறுபதில் ஒன்றைக்கூட அவள் எடுக்க மாட்டாள். எடுத்தால் அது குற்றம். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில் பாட்சா பாய் நடத்திய லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி, எடுக்கப்படாத அந்த அழைப்புகளை நம்பித்தான் ஐந்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் ஒன்றும் பெரிசில்லை. கம்பெனிக்கு ஐந்து மெக்கானிக்குகள். மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கத்து அடுக்குமாடிகளில் எங்காவது லிஃப்ட் பாதியில் நின்றால் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ஜஹீராவுக்கு ஒரு மிஸ்டு கால். வேலை முடிந்தால் அடுத்தடுத்து இரண்டு. பார்ட்ஸ் தேவை என்றால் மூன்று. யாருக்கும் சல்லிக்காசு செலவில்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு சாஃப்ட்வேர் இருந்தன. ஒன்றில் புகாரைப் பதிந்தால் அதுவே நம்பர் போட்டு, வாடிக்கையாளருக்கு ஈமெயிலில் கடிதம் அனுப்பி, தாமதமானால் முதலாளிக்கு நினைவூட்டும். இன்னொன்று மெக்கானிக்குகளின் வேலைப் பட்டியல்; யாரிடம் எந்த வேலை, எதுவரை வந்திருக்கிறது என்று காட்டும். இரண்டும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள். இதில் இருப்பதை அதிலும், அதில் நடந்ததை இதிலும் தட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தவள் ஜஹீரா.

இரண்டாயிரத்து எட்டில் பாட்சா பாய் குணாவைக் கூட்டிவந்தார். மேடவாக்கத்துப் பையன், சாஃப்ட்வேர் படிப்பு, பேச்சில் பணிவு.

"ரெண்டையும் இணைச்சிட்டா இந்த நாற்காலிக்கு ஆளே தேவையில்லை," என்றார் பாய். "பயப்படாதம்மா, உன் வேலை போகாது. ஒண்ணாந்தேதியிலருந்து வண்டலூர் ஸ்டோருக்குப் போயிடு. பார்ட்ஸைப் பார்த்துக்கோ."

சம்பளம் குறையாது. நியாயமான மனுஷர்தான். ஆனாலும் ஜஹீராவுக்கு அந்த நாற்காலியை விட மனசில்லை. அந்த ஐந்து பேரும் காலையில் வந்து அவள் மேஜையைச் சுற்றி நின்று வேலை வாங்கிக்கொண்டு போவார்கள். வண்டலூரில் போல்ட்டும் நட்டும்தான் இருக்கும்.

குணா ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தான். "நீங்க என்னல்லாம் செய்றீங்களோ, ஒண்ணு விடாம சொல்லுங்கக்கா." கொஞ்சம் மறைத்தால் என்ன என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. மறைக்கவில்லை. சொந்த நாற்காலியின் திருகுகளைத் தானே கழற்றிக் கொடுப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னாள்.

மெக்கானிக்குகளை எஸ்.எம்.எஸ். அனுப்பவைக்கப் பார்த்தான் குணா. கிரீஸ் கையோடு யார் அனுப்புவார்கள்? கடைசியில் மிஸ்டு காலையே எண்ணுகிற ஒரு சின்னப் பெட்டியை வாங்கிவந்து கம்ப்யூட்டரில் மாட்டினான்.

"அதுக்குள்ள உங்க சிம்மைத்தான் போடணும்க்கா. எல்லாருக்கும் மனப்பாடமா இருக்கிறது உங்க நம்பர்தான்."

கழற்றிக் கொடுத்தாள். போன் வெறும் டப்பாவாகப் பையில் கிடந்தது.

பெட்டி பிரமாதமாக வேலை செய்தது. ஒரு கால் வந்தால் பட்டியலில் 'சேர்ந்தார்' என்று விழுந்தது. இரண்டு வந்தால் 'முடிந்தது' என்று மாறி, அந்த வினாடியே வாடிக்கையாளருக்குக் கடிதம் போயிற்று. ஓரகத்திகள் பேசிக்கொண்டார்கள். ஒரு தப்பாவது வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள் ஜஹீரா. வரவில்லை, அது அவளுக்கு வலித்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திரையில் ஐந்து சிவப்பு வரிகள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் 'சேர்ந்தார்' என்றிருந்தது. எந்த வேலைக்கு என்ற இடம் காலி.

அது என்னவென்று அவளுக்கு மட்டும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் சிட்டிபாபு என்கிற மெக்கானிக் வீடு திரும்பும் வழியில், மேடவாக்கம் சாலைப் பள்ளத்தில் பைக்கோடு விழுந்து, கால் உடைந்து மூன்று மணி நேரம் கேட்பாரற்றுக் கிடந்தான். மறுநாளே ஜஹீரா சொல்லிவிட்டாள், வீட்டுக்குப் போனதும் ஆளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டுமென்று. ஐந்தும் வந்த பிறகுதான் பையை எடுப்பாள். குணாவிடம் இதைச் சொல்லவில்லை. ஒளிக்கவில்லை, அதை ஒரு வேலை என்றே அவள் நினைத்ததில்லை.

நான்கு நாள் அந்தச் சிவப்பு வரிகளை எண்ணிவிட்டுப் பம்மலில் இருந்த தன் வீட்டுக்கு பஸ் ஏறினாள். ஐந்தாம் நாள் ஏழு மணியாகியும் திரை சுத்தமாக இருந்தது. மழை வேறு. இருப்பவர்களிலேயே தூரத்து ஆள் மாணிக்கவேல், கோவளம் பக்கம் மீனவக் குப்பத்தில் வீடு. அவன் மனைவி சரிதாவின் நம்பரை ஆபீஸ் போனில் சுழற்றினாள்.

"கீறாருக்கா. சோறு துன்னுகினு கீறாரு," என்று சரிதா போனைப் புருஷனிடம் கொடுத்தாள்.

"ஏன்டா மிஸ்டு கால் குடுக்கல?" போட்ட சத்தத்தில் அவளுக்கே தொண்டை கரகரத்தது.

"அந்தக் கம்ப்யூட்டர் புள்ள குணா காலையில சொல்லிச்சே, ஆறு மணிக்கு மேல அடிச்சா லிஸ்டு கெட்டுப்பூடுதாம், அத்தெல்லாம் நிறுத்திடுங்கன்னு. நீ ஸ்டோருக்குப் போறியாமே. இனிமே மெஷின்தானக்கா? மெஷினுக்கு நான் வூட்டாண்ட வந்தா இன்னா, வராட்டி இன்னா?"

ஜஹீரா போனை வைத்தாள். மற்ற நாலு பேருக்கும் அடித்தாள். நல்லபடியாகத்தான் இருந்தார்கள்.

மறுநாள் பாட்சா பாயின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். "ஸ்டோருக்கே போறேன் பாய். நாற்காலி வேணாம். என் நம்பரை மட்டும் குடுத்துடுங்க."

"நம்பரை மாத்தினா எல்லாத்தையும் திரும்பச் செட் பண்ணணும்க்கா," என்றான் குணா. "அவங்களுக்கும் புது நம்பர் பழகணும்."

"எதுக்கும்மா அந்த நம்பர்?" என்றார் பாய். சொன்னாள். சிவப்பு வரிகள் என்னவென்று கேட்டதும் குணாவின் முகம் சின்னதாகிப் போனது.

பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு சிட்டிபாபு எவ்வளவு நேரம் கிடந்தான்?"

"மூணு மணி நேரம்."

"குடுத்துடு தம்பி. பெட்டிக்குப் புது சிம் வாங்கிக்கோ."

ஒன்றாம் தேதி ஜஹீரா வண்டலூர் ஸ்டோருக்குப் போனாள். பகலெல்லாம் போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. பழகிய காதுக்கு அது பெரிய பேஜாராக இருந்தது. ஆறேகாலுக்கு முதல் மணி. எண்ணிக்கொண்டே ரப்பர் வாஷர்களைப் பெட்டியில் அடுக்கினாள். ஐந்தாவது மாணிக்கவேலுடையது. ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது போன் ஆறாவதாகவும் அடித்தது. ஒரு மணியோடு நிற்கவில்லை, விடாமல் அடித்தது. பதறிப்போய் எடுத்தாள்.

"நான்தான்க்கா," என்றான் மாணிக்கவேல். "இப்ப எங்களாட்டம் நீயும் தூரம் போற. பம்மலுக்குப் போய்ச் சேந்ததும் ஒண்ணு குடு. மறந்துடாத."

பஸ் மாறி, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு அவள் வீடு சேர்ந்தபோது ஏழே முக்கால். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அவன் நம்பரை அழுத்தினாள். ஒரு மணி அடித்ததும் வெட்ட விரலைத் தயாராக வைத்திருந்தாள். அதற்குள் அவன் எடுத்துத் தொலைத்துவிட்டான்.

"வந்துட்டியாக்கா?"

"வந்துட்டேன்டா," என்றாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு ரூபாய் போயிற்று. போகட்டும் என்று இன்னும் இரண்டு வார்த்தை பேசினாள்.