வெறும் வயிறு

திருப்பதியில் மயக்க மருந்துப் படிப்பில் சேர்ந்து மாதக்கணக்காகியும் எனக்கு டியூப் போட வரவில்லை. இதைவிடச் சுருக்கமாக என் நிலைமையைச் சொல்ல முடியாது. ஆபரேஷனுக்காக மயக்கிய ஆளால் தானாக மூச்சுவிட முடியாது. வாயைத் திறந்து, நாக்கை ஒதுக்கி, மூச்சுக்குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் டியூபை நுழைத்து மிஷினோடு இணைக்க வேண்டும். எங்கள் படிப்பில் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாத ஒருத்தி காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த கதை என்னுடையது.

பொம்மையில் பிரமாதமாக வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பழகுவதற்கென்றே ஒரு அறையில் ரப்பர் தலை ஒன்று வைத்திருப்பார்கள். அதன் தொண்டைக்குள் கண்ணை மூடிக்கொண்டுகூட டியூப் போடுவேன். ஆனால் ரப்பர் தலைக்கு எச்சில் ஊறாது, உதடு பல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாது, ஆடுகிற பல்லும் கிடையாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை ஒவ்வொரு காலையும் தியேட்டரில் ஒரு உயிருள்ள தொண்டை எனக்கு எடுத்துச் சொல்லும்.

இதில் இன்னொரு கொடுமை, நாக்கைத் தூக்கிப் பிடிக்கிற விளக்கு வைத்த ஸ்கோப்பை இடது கையில்தான் பிடிக்க வேண்டும். ஒரு நல்ல காரியத்துக்கும் நீட்டாதே என்று அதட்டி அதட்டி வளர்த்த பீச்சாங்கையில், திடீரென்று ஒரு மனுஷனின் உயிரைக் கொடுத்துத் தூக்கு என்றால் அது எப்படித் தூக்கும்? மணிக்கட்டு மடங்கும். மடங்கினால் இரும்பு மேல்பல்லில் போய் உட்காரும். பல் உடைந்துவிடுமோ என்று பயந்து கையைத் தளர்த்துவேன், நாக்கு சரிந்து எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். விளக்கு மங்கலாக இருக்கிறது என்று ஒருநாள் முனகினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என்னோடு சேர்ந்த பலமனேர்ப் பையன் அதே விளக்கில் அடுத்த கேஸுக்கு ஒரே தடவையில் போட்டுவிட்டுப் போனான்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மேடம் திட்டுகிறவர் இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு மனசுக்குள்ளாவது திட்டிக்கொண்டிருக்கலாம். நான் திணறுவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், அப்புறம் என் தோளில் இரண்டு முறை லேசாகத் தட்டுவார். நகரு என்று அர்த்தம். நான் நகர்வேன், அவர் போடுவார், ஆபரேஷன் நடக்கும். அந்தத் தட்டு தூக்கத்திலும் தோளில் விழ ஆரம்பித்தது. காலையில் எழும்போதே அலுப்பாக இருக்கும். நின்று நின்று கால் மரத்துப்போயிருக்கும், மெஸ்ஸில் இட்லியைப் பார்த்தால் வாய் கசக்கும். அழுகைகூட வராது, அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஒருநாள் சித்தூருக்குப் போன் போட்டு, படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று நைனாவிடம் சொல்லிவிட்டேன். நைனா அங்கே ஒரு மாங்கூழ் கம்பெனியில் எடை போடுகிற வேலையில் இருந்தார். கத்துவார், குலதெய்வத்தை இழுப்பார், ஊர் என்ன சொல்லும் என்பார் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"வந்துடும்மா," என்றார். "குட்டியானைக்குச் சொல்லி வெக்கிறேன். மாங்கா சீசன் முடிஞ்சிச்சு, வண்டி சும்மாதான் நின்னுகினு கீது."

மாங்காய் ஏற்றுகிற சின்ன லோடு வண்டியில் என் புத்தகங்களும் பெட்டியும் ஊருக்குத் திரும்புவதாக முடிவானது. புதன்கிழமை சாயங்காலம் வண்டி வரும். அன்றைக்குப் பகல் தியேட்டர் வேலையை முடித்துவிட்டு மேடத்திடம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அந்தப் புதன்கிழமை முதல் கேஸ் நகரியிலிருந்து வந்த ஒரு அம்மா. வீட்டிலேயே பவர்லூம் ஓட்டுகிறவர். பித்தப்பையில் கல். மயக்கத்துக்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வேதம். மயக்கத்தில் தொண்டையின் காவல் எல்லாம் தளர்ந்துவிடும், வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கினால் ஆளே போய்விடலாம். அதனால் வார்டில் நர்ஸ் கேட்டாள், வாசலில் மேடம் தெலுங்கில் கேட்டார், மேஜையில் படுக்க வைத்த பிறகு நான் தமிழில் கேட்டேன்.

"நேத்து ராத்திரிலேந்து பச்சத் தண்ணி பல்லுல படலம்மா," என்றார் அந்த அம்மா. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த முகத்தில் பொய் இல்லை, இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

மருந்து ஏறியது. கண் மூடியது. உடம்பு துவண்டது. மேடம் என் பக்கத்தில் நின்றார். கடைசி முறைதானே என்று ஸ்கோப்பை உள்ளே விட்டு நாக்கை ஒதுக்கித் தூக்கினேன். வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நொடி, தெரியாத அந்த இடத்திலிருந்து மஞ்சளாகக் குபுகுபுவென்று பொங்கி வந்தது.

எனக்கு முதலில் உறைத்தது வாசனைதான். நெய், ஏலக்காய், பச்சைக் கற்பூரம். மாஸ்க்கைத் தாண்டி ஏறியது. ஆபரேஷன் தியேட்டரில் வரவே கூடாத வாசனை, திருப்பதியில் இருக்கிற யாருக்கும் இரண்டு முறை முகர வேண்டியிராத வாசனை. காலடியில் நின்ற ஆயம்மா தன்னையறியாமல் கோவிந்தா என்றது என் காதில் விழுந்தது.

நான் கையை உருவப் போனேன். தோளில் தட்டு விழும், நகர வேண்டும், உடம்புக்கு அதுதான் பழகியிருந்தது.

"தீயொத்து," என்றார் மேடம். வெளியே எடுக்காதே என்று அர்த்தம். பொங்கியது நுரையீரலுக்குள் இறங்காதபடி மேஜையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்துவதில் அவருடைய இரண்டு கையும் இருந்தன. என்னை நகர்த்தி அவர் வந்து நிற்க நேரமில்லை. மாதக்கணக்கில் முதல் முறையாக அந்தத் தொண்டைக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை.

யாரோ என் வலது கையில் சக்ஷன் குழாயைத் திணித்தார்கள். உறிஞ்சினேன். மறுபடி பொங்கியது, மறுபடி உறிஞ்சினேன். பல்லைப் பற்றி நினைக்கவில்லை, மணிக்கட்டைப் பற்றியும் நினைக்கவில்லை, கை பாட்டுக்குத் தோளிலிருந்து மேலே தூக்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் வடிந்த ஒரு கணத்தில், பொம்மையிலும் புத்தகத்திலும் மட்டும் பார்த்திருந்தது தெரிந்தது. இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் மூச்சுக்குழாய் வாயின் கறுப்புச் சந்து. டியூபை அதற்குள் விட்டேன். டியூபைச் சுற்றியுள்ள பலூனை ஊதி இடைவெளியை அடைத்தேன். டியூப் வழியாக உறிஞ்சிப் பார்த்தோம், சுத்தமாக வந்தது. திரையில் மூச்சுக்கோடு எழுந்து இறங்கி மறுபடி எழுந்தது. மேடம் ஸ்டெத்தை வைத்து நெஞ்சின் இரண்டு பக்கமும் வெகுநேரம் கேட்டார்.

கட்டு என்றார். டியூபை நாடாவால் கட்டு என்று.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அலுப்புதான் வந்தது, அதுவும் புதிதாக ஒரு அலுப்பு. டியூப் போட வரவில்லை என்ற ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஊருக்குக் கிளம்பியிருந்தேன். இப்போது அந்தக் காரணமும் கையை விட்டுப் போய்விட்டது. ஒரு தடவை வந்ததால் வந்துவிட்டது என்றும் ஆகாது, நாளைக்கே மறுபடி தோளில் தட்டு விழலாம். ஆனால் அது விழுகிறதா என்று பார்க்கவாவது நாளைக்கு நான் இங்கே நின்றாக வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து, அந்த அம்மா நன்றாகக் கண் விழித்த பிறகுதான் டியூபை எடுத்தோம். சாயங்காலம் வார்டுக்குப் போனேன். நெஞ்சில் சளிச் சத்தம் இல்லை, ஆக்சிஜன் சரியாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது, நல்ல கோபம். சாப்பிட்டீர்களா என்று மூன்று பேர் கேட்டோமே, ஏன் மறைத்தீர்கள் என்றேன்.

அந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கரகரத்த குரலில், சாமி சத்தியமாக ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். நான் லட்டு என்றேன்.

"அதுவா? காலைல எங்க நாத்தனா மலையிலேந்து எறங்கி வந்தா. பிரசாதம் குட்த்தா, பாதி வாயில போட்டுக்கினேன்." சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பிரசாதத்தப் போயி சாப்பாடுன்றீங்களேம்மா. நீங்க சொன்னீங்கன்னுதான் அதுக்கப்புறம் தண்ணிகூட குடிக்கல."

உண்மையிலேயே விக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார். நான் சொன்னதை இவ்வளவு பக்தியாகக் கேட்ட நோயாளி அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. இனி பிரசாதம் வந்ததா என்றும் தனியாகக் கேட்க வேண்டும் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் அவருடைய கணவர் காத்திருந்தார். உள்ளே என்ன நடந்தது என்று நர்ஸ் அவரிடம் அரைகுறையாகச் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. பையைத் துழாவி, எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலத்தை எடுத்தார். மிச்சப் பாதி. சாமிதான் காப்பாற்றியது, உங்கள் கை வழியாகக் காப்பாற்றியது என்று சொல்லி இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மாடிப்படி ஓரத்தில் நின்று, ஒரு பூந்தி விடாமல் முழுவதையும் தின்றேன்.

அப்போது நைனாவின் போன் வந்தது. வண்டி கம்பெனி வாசலில் நிற்கிறது, கிளம்பலாமா என்று கேட்டார்.

"வேணாம் நைனா," என்றேன்.

அவர் பக்கத்தில் இருந்த டிரைவரிடம் தெலுங்கில், இன்றைக்கு லோடு இல்லை, போகலாம் என்று சொல்வது கேட்டது. ஏன் என்று என்னிடம் அவர் கேட்கவில்லை.

"ஏதாச்சும் துன்னியாம்மா?"

"இல்ல நைனா. காலைல டீ குடிச்சது, அவ்ளோதான். இன்னும் ஒண்ணும் துன்னல."

முதலில் போய்த் தின்னு என்று அதட்டிவிட்டுப் போனை வைத்தார். அதட்டலிலேயே அவர் அழுவது தெரிந்தது. முகம் கழுவலாம் என்று குழாயடிக்குப் போனேன். குழாயைத் திருகினால் கை வழுக்கியது, விரலெல்லாம் நெய்.