தொண்ணூற்றொன்பதாவது சிம்பொனி வரும்வரை

கிளாரினெட் குழலின் வாயில் பொருத்தும், ஊறிய நாணற்சீவலின் கசப்பு நாக்கில் பட்டால்தான் எனக்குச் சனிக்கிழமை தொடங்கும். பன்னிரண்டு வயதில், ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டிலிருந்து நிலக்கீழ் ரயிலேறி, சிறுவர் இசைக்குழுவில் கிளாரினெட் வாசிக்கப் போவேன். அந்த வசந்தகாலக் கச்சேரிக்கு எங்களை நடத்திய இங்ரிட், நூறுக்கும் மேல் சிம்பொனி எழுதிய பழைய ஒஸ்திரிய மேதை ஒருவரின் முதலாவது சிம்பொனியைத் தெரிவு செய்தார். "நோட்டர்" என்று நாங்கள் சொல்லும் இசைத்தாள்களை எல்லோருக்கும் பங்கிட்டவர், என்னிடம் வந்ததும் கையை விரித்தார். அந்த மேதை அதை எழுதிய நாளில் அவருடைய குழுவில் கிளாரினெட்டே இல்லையாம். கச்சேரியன்று நான் "வாஃபல்" அப்பம் விற்கலாமாம்.

இசைக்குழு இரவல் தந்த கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி வீட்டில் அழுதேன். பேருந்து ஓட்டும் அப்பாவுக்கு அந்த இசையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும், "நூறுக்கு மேல எழுதின மனுசன் ஒண்டிலயெண்டாலும் உன்ர குழலைச் சேர்க்காமலோ விட்டவர்? தேடிப் பாப்பம்," என்றார்.

ஈஸ்டர் விடுமுறைக்குத் துரொண்ட்ஹெய்மில் இருந்த சித்தப்பா வீட்டுக்குக் காரில் புறப்பட்டபோது, நூலகத்தில் இரவல் வாங்கிய இசைக் குறுந்தட்டுகள் என் மடியில் இருந்தன. எழுதிய வரிசையிலேயே, இடையிடையே பலதை விட்டு, கேட்டுக்கொண்டு போனோம். முதல் சிம்பொனிகள் வயலின்களும் இரண்டு ஓபோக் குழல்களும் இரண்டு கொம்புகளுமாகத் துள்ளி வந்து சுருக்கென்று முடிந்தன. நாற்பதுகளில் இசை இருண்டு கொந்தளித்தது. "ஆள் ஆரோடயோ கோவிச்சுக்கொண்டு எழுதியிருக்கிறார்," என்றார் அம்மா. தொண்ணூறாவதில், முடிந்துவிட்டதென்று அப்பா தட்டை மாற்றக் கை நீட்ட, அது மறுபடி தொடங்கியது. மூவரும் வயிறு நோகச் சிரித்தோம். கிளாரினெட்டை மட்டும் காணோம்.

டொவ்ரே மலையில், இருபுறமும் பனி குவிந்த பாதையில், தொண்ணூற்றொன்பதாவது தொடங்கியது. மெதுவான, அகன்ற ஆரம்பம். எக்காளம், முரசு, பெருங்கூட்டமாய் வாத்தியங்கள். கடைசிப் பகுதியில், குழல்கள் ஒன்றிடமிருந்து ஒன்று பறித்து விளையாடும் இடத்தில், நான் கத்தினேன்.

"அப்பா, இது நான்!"

அப்பா காரை ஓரங்கட்டி, அந்தப் பகுதியை மூன்றுமுறை போட்டார். "துரொண்ட்ஹெய்மில தம்பியாக்கள் சாப்பிடாமல் பாத்துக்கொண்டிருக்கப்போயினம்," என்று சொன்ன அம்மாதான் நாலாவது முறையும் போடச் சொன்னார்.

திரும்பி வந்ததும் தட்டோடு இங்ரிட்டிடம் ஓடினேன். அவர் அதை முழுதாகக் கேட்டார். "முதலாவதையும் வாசிப்போம், இந்தக் கடைசிப் பகுதியையும் வாசிப்போம். ஒரே ஆள் எவ்வளவு மாறினார் என்று சனத்துக்குத் தெரியட்டும்," என்றார். பாடசாலை வாத்தியக் குழுவிலிருந்து எக்காளமும் முரசும் இரவலாக வந்தன. கச்சேரியன்று என் முறை வந்தபோது ஒரு சுரமும் தவறாமல் வாசித்தேன். இடைவேளையில் அப்பா முன்பின் தெரியாத நோர்வேக்காரரையெல்லாம் நிறுத்தி, முதலாவதுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தன் உடைந்த நோர்வே மொழியில் விளக்கிக்கொண்டிருந்தார்.

அந்த இசைக்குழு கலைந்து வெகுகாலமாகிவிட்டது. இன்று என் மகள் எந்தச் சிம்பொனியையும் தொலைபேசியில் ஒரு தொடுதலில் கேட்கிறாள், பிடிக்காவிட்டால் தள்ளிவிடுகிறாள். ஒரு மனிதர் நாற்பது ஆண்டுகளாக வளர்ந்ததை ஏழு மணி நேரத்தில், அடுத்தது என்னவென்று தெரியாமல், மூவராய் மூச்சைப் பிடித்துக் கேட்ட அந்தத் தவிப்பை அவளுக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்?