வெட்டுக்கிளி விட்டுவைத்த சோளம்

இருபது வருடம் ரிக் வண்டியில் வடக்கே ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, முதுகு ஒத்துழைக்காமல் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மானாவாரிக் காட்டுக்கே திரும்பி வந்தவன் நான். விவசாயம் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் தெரியாது. அத்தனை வருடமும் காட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டவள் என் மனைவி. வந்த முதல் ஆடியிலேயே அவளுக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

தீவனத்துக்காகக் காட்டை மூன்று துண்டாகப் பிரித்தோம். மக்காச்சோளமும் வீரியக் கம்பும் நான் வாங்கி வந்தது. மூன்றாவது துண்டில் அவள் வெண்ணந்தூரில் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த செஞ்சோளத்தை விதைத்தாள். இத்தனை வருடம் கழித்தும் சீர் வருகிறதே என்று கேலி செய்தேன். அவள் பாட்டுக்கு விதைத்துக்கொண்டே போனாள்.

பயிர் முழங்கால் உயரம் வந்தபோது மழை நின்றுபோனது. பின்னாலேயே வெட்டுக்கிளி வந்தது. எல்லாப் பயிரையும் ஒரே மாதிரி தின்னாது, அதற்கும் பிடித்தது பிடிக்காதது உண்டு என்றாள் அவள். நான் சிரித்தேன். ராஜஸ்தானில் வெட்டுக்கிளிப் படையையே கண்ணால் பார்த்தவன், பச்சையாக இருந்தால் போதும், அதற்கு ரகமாவது வகையாவது என்று அரை மணி நேரம் பேசினேன்.

பத்தே நாளில் என் கம்பு குச்சி குச்சியாக நின்றது. மக்காச்சோளத்தில் நடு நரம்புதான் மிச்சம். அவள் சோளத்தில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு ஓட்டை. இலை வாடியிருந்தாலும் முழுசாக இருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாயால் தோற்றேன் என்று சொல்ல வராததால், அந்தச் சோளத்தில் ஒரு கட்டு அறுத்துவந்து எங்கள் சினை மாட்டுக்குப் போட்டேன். உன் விதைதான் உசத்தி என்று சொல்ல எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

மாடு இரண்டு வாய் தின்றிருக்கும். அவள் ஓடிவந்து மிச்சத்தை அதன் வாயிலிருந்தே பிடுங்கி எறிந்தாள்.

"ஏனுங்க, வெட்டுக்கிளியே வாய் வெக்காத பயிரைச் சினை மாட்டுக்குப் போடறீங்களே. மழையில்லாமக் காஞ்ச பிஞ்சுச் சோளம் வெசமுங்க."

மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். இரண்டு வாய்தான் என்றால் பயமில்லை, மூச்சு வாங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள், வாங்கினால் உடனே வருகிறேன் என்றார். மத்தியானம் முழுக்க மாட்டுக் கட்டுத்தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். அவள் மாட்டின் கழுத்தைத் தடவியபடி, "ஒண்ணும் ஆவாது சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அது மாட்டுக்கா எனக்கா என்று இன்று வரை கேட்கவில்லை.

வெயில் தாழ்ந்தபோது மாடு படுத்து அசைபோட ஆரம்பித்தது. அப்போதுதான் எனக்கும் உயிர் வந்தது. உயிர் வந்ததும் கூடவே கோபமும் வந்தது. விதைக்கும்போதே இதை ஏன் சொல்லவில்லை என்று அவள் மேல் பாய்ந்தேன்.

அவள் கோபப்படவில்லை. கீழே கிடந்த சோளத்தட்டைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனுங்க. இருவது வருசமா ஊருக்கு வரப்பவெல்லாம் நீங்கதான் கதை சொன்னீங்க. எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்லைங்களே."

அவள் சொன்னது உண்மை. இத்தனை பிரியம் வைத்திருந்தும் அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தச் சோளத்தை எப்போது அறுத்துப் போடலாம் என்று கேட்டேன்.

"பூ எடுக்கட்டுங்க, அப்பறம் வெசம் எறங்கிரும்" என்று ஆரம்பித்தாள். பால் கறக்கும் நேரம் தாண்டியும் பேசிக்கொண்டே இருந்தாள்.